பொதுவெளிகள் – 14: பந்துக்கும் பந்தலுக்கும் ஒரே திடல்

கொல்கத்தாவில் கால்பந்து ஆடப்படும் சிறு திடல்கள் மூன்று வகை. நகரின் நடுவில், ஹூக்ளி ஆற்றங்கரையை ஒட்டி விரியும் 'மைதான்' பரப்பில் சங்கங்கள் வேலியிட்டு வைத்திருக்கும் ஆடுகளங்கள் முதல் வகை. தேசப்பிரிய பார்க், தேசபந்து பார்க், பார்க் சர்க்கஸ் திடல் போன்ற பொதுப் பூங்காக்களின் புல்தரைகள் இரண்டாவது வகை. 'பாடா' என்று வங்காளிகள் சொல்லும் குடியிருப்புப் பகுதிகளில் பள்ளிக்குப் பின்னாலோ குளத்துக்குப் பக்கத்திலோ கிடக்கும் மண்தரைகள் மூன்றாவது. இந்தக் கடைசி வகையில் பல இடங்களில் கோல் கம்பம்கூட மூங்கில்தான்.

2011 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை ஏறக்குறைய 45 லட்சம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 24,000 பேருக்கு மேல். இந்த நெரிசலில் யார் வீட்டையும் இடிக்காமல் பொதுப் பயனுக்குக் கிடைக்கும் வெற்றுநிலம் என்று பார்த்தால், பெரும்பகுதி இந்தத் திடல்களே. இவற்றைச் சீரமைத்து, ஆட்டக்காரர்களோடு அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் பயன்பட வைப்பது எப்படி என்ற கேள்விக்குக் கொல்கத்தாவின் பழைய அனுபவத்திலேயே பாதி விடை இருக்கிறது.

மைதான் உருவானதற்குக் காரணம் ஒரு கோட்டை. 1757ஆம் ஆண்டு பிளாசிப் போருக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி புதிய வில்லியம் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. கோபிந்தபூர் என்ற கிராமத்தை அப்புறப்படுத்தி, அங்கிருந்தவர்களுக்கு நகரின் வேறு பகுதிகளில் நிலம் கொடுத்தது. பீரங்கி சுட மறைப்பு இருக்கக் கூடாது என்பதற்காகச் சுற்றிலும் இருந்த காடு வெட்டப்பட்டது. அப்படிக் கிடைத்த சுமார் 1,000 ஏக்கர் திறந்தவெளி இன்றும் ராணுவத்தின் கிழக்குப் பிராந்தியக் கட்டளையகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே நிரந்தரக் கட்டடம் எழுப்ப அனுமதி இல்லை. 1889இல் தொடங்கிய மோகன் பகான், 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் ஆகிய கால்பந்துச் சங்கங்கள் எத்தனை கோப்பை வென்றாலும் அவற்றின் மைதான் அலுவலகத்துக்கு இன்றும் 'டென்ட்' என்றே பெயர்.

இந்தக் கெடுபிடியைச் சங்கங்கள் காலங்காலமாகக் குறை சொல்லி வந்திருக்கின்றன. மழை பெய்தால் ஒதுங்கக் கூரை போதாது, பார்வையாளர் மாடம் வலுவில்லை என்ற புகார்களில் நியாயம் உண்டு. ஆனால் அந்தத் தடை இல்லாதிருந்தால், ஆசியாவின் மிகப் பழைய லீக் போட்டியான கல்கத்தா கால்பந்து லீக் 1898இல் தொடங்கிய அந்தப் புல்வெளியில் இன்று வணிக வளாகங்கள் நின்றிருக்கும். ஒரு திடலுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய சீரமைப்பு, அதில் எதையும் கட்டாமல் இருப்பது. சிமென்ட்டில்தான் வளர்ச்சி இருக்கிறது என்று நம்பும் நிர்வாகங்கள் இதை ஏற்கத் தயங்குகின்றன.

பகிர்ந்து ஆடுவதும் மைதானுக்குப் பழக்கமானதே. கல்கத்தா லீக் மழைக்காலப் போட்டி. குளிர்காலம் வந்தால் அதே பரப்பில் கிரிக்கெட் நடக்கும். ஈஸ்ட் பெங்காலும் ஆரியன் சங்கமும் ஒரே ஆடுகளத்தைப் பங்கிட்டுக்கொண்டவை. பருவத்துக்கு ஓர் ஆட்டம், ஒரு களத்துக்கு இரண்டு சங்கம் என்ற இந்த ஏற்பாட்டை யாரும் திட்டமாக வகுத்துக் கொடுக்கவில்லை. இடப் பற்றாக்குறையே அதைக் கற்றுக்கொடுத்தது.

பாடாத் திடல்களின் கதை வேறு. 1947 பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் தெற்குக் கொல்கத்தாவில் விஜய்கட், ஆசாத்கட், நேதாஜி நகர் என்று குடியிருப்புகளைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். குடிசை போட இடம் தேடி அலைந்தவர்கள் அவர்கள். ஆனாலும் அத்தகைய குடியிருப்புகளில் பள்ளிக்கும் சந்தைக்கும் ஒதுக்கியதுபோல் திடலுக்கும் இடம் விடப்பட்டது. திடலைச் சுற்றி ஒரு சங்கம் வளர்ந்தது. கேரம் பலகை வைத்திருப்பது, ரத்ததான முகாம் நடத்துவது, துர்கா பூஜைக்கு வசூல் செய்வது, சிறுவர்களுக்குப் பந்து வாங்கித் தருவது எல்லாம் அந்த ஒரே சங்கம்தான். தமிழ்நாட்டில் இளைஞர் மன்றம், ரசிகர் மன்றம், கோயில் விழாக் குழு என்று பிரிந்து கிடக்கும் வேலைகள் அங்கே ஒரு கூரையின் கீழ் நடக்கின்றன. 2011இல் ஆட்சிக்கு வந்த மாநில அரசு இத்தகைய சங்கங்களுக்கு முதல் ஆண்டு 2 லட்சம் ரூபாயும், தொடர்ந்து ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாயும் கொடுத்தது. அந்தப் பணத்தில் கட்டடங்கள் மாடி ஏறின. திடலின் வடிகாலுக்குச் செலவிட்ட சங்கங்கள் குறைவு.

ஆக, பலரும் புழங்கும் திடல் என்பது கொல்கத்தாவுக்குப் புதிய யோசனை அல்ல. விடியற்காலையில் நடப்பவர்கள், பகலில் பள்ளிப் பிள்ளைகள், மாலையில் பந்தாட்டம், ஐப்பசியை ஒட்டிப் பூஜை, குளிரில் கண்காட்சி என்று ஆண்டு முழுவதும் திடல் ஓயாது. பார்க் சர்க்கஸ் திடலில் பூஜையும் நடக்கும், சர்க்கஸ் கூடாரமும் நிற்கும். 2020 ஜனவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் இரவும் பகலும் உட்கார்ந்ததும் அங்கேதான். சிக்கல் என்னவென்றால், ஒரு பயன்பாடு விட்டுப்போகும் சேதத்தை அடுத்த பயன்பாடு சுமக்க வேண்டியிருக்கிறது.

பூஜைப் பந்தலையே பார்க்கலாம். நூற்றுக்கணக்கான மூங்கில்களை நட ஒவ்வொன்றுக்கும் குழி தோண்டுகிறார்கள். விழா முடிந்து மூங்கிலைப் பிடுங்கியதும் குழியில் மேலாக மண்ணைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழையில் அந்த மண் அமுங்கி, கணுக்கால் புதையும் பள்ளம் தலைகாட்டுகிறது. புல்லுக்குள் ஆணியும் சணல் கயிற்றுத் துண்டும் செங்கல் சில்லும் கிடக்கின்றன. வெறுங்காலோடு ஆடும் பையனுக்கு இதன் பொருள் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. தேசப்பிரிய பார்க்கில் 2015இல் 88 அடி உயரத் துர்கை சிலை வைத்தபோது கூட்டம் கட்டுக்கடங்காமல் போய், காவல்துறை தரிசனத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தப் பரபரப்பைப் பற்றி எழுதாத நாளிதழ் இல்லை. விழாக்கள் முடிந்தபின் திடல்கள் கிடக்கும் நிலை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. 2025இல் மாநில அரசு ஒவ்வொரு பூஜைக் குழுவுக்கும் 1,10,000 ரூபாய் கொடுத்தது. அதில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, குழியை மூடி இடித்துச் சமன் செய்து, காந்தம் போட்டு ஆணி பொறுக்கிய பிறகே கொடுப்பது என்று விதி வைத்தால் போதும். சீரமைக்கும் திடல்களில் ஆடுகளத்துக்கு வெளியே விளிம்பில் மூடியுள்ள இரும்புக் குழாய்களை நிரந்தரமாகப் புதைத்துவிட்டால், முதன்மைக் கம்பங்களை ஆண்டுதோறும் அவற்றிலேயே செருகிக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தால் திடல் தாங்காது என்பதற்குப் புத்தகக் கண்காட்சியே சாட்சி. 1976இல் தொடங்கி முப்பது ஆண்டுகள் மைதானில் நடந்த கொல்கத்தா புத்தகக் கண்காட்சி, புல்வெளிக்கும் காற்றுக்கும் கேடு என்ற வழக்கின் விளைவாக உயர் நீதிமன்ற உத்தரவால் 2007இல் அங்கிருந்து வெளியேறியது. சில ஆண்டுகள் அலைந்து, பைபாஸ் சாலையோர மிலன் மேளா வளாகத்துக்கும், 2018 முதல் சால்ட் லேக் சென்ட்ரல் பார்க்குக்கும் போனது. வாசகர்கள் வருந்தினார்கள். கண்காட்சி அழியவில்லை, புல்வெளியும் பிழைத்தது. தீர்ப்பு சரியானதே.

சீரமைப்பில் முதல் செலவு தண்ணீரை வெளியேற்றுவதற்கு. கொல்கத்தாவில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. தரையோ கங்கைச் சமவெளியின் களிமண். நீரை உள்ளே விடாது. நகரமும் தட்டை. ஆகவே திடலை நடுவில் சற்றே மேடாக்க வேண்டும். 40 மீட்டர் அகலமுள்ள சிறு திடலில் 1 சதவீதச் சரிவு வைத்தால், நடுக்கோடு பக்கக் கோட்டைவிட 20 சென்டிமீட்டர் உயரும். பந்து ஆடுபவருக்கு இது தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அதன் அடியில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓட்டைக் குழாய் பதித்து, மேலே ஜல்லி நிரப்ப வேண்டும். டெல்டா மண்ணில் கருங்கல் கிடையாது. சூளையில் அதிகம் வெந்து கருகிய செங்கலை உடைத்த 'ஜாமா' ஜல்லிதான் வங்காளத்து வழக்கம். அதன்மேல் ஆற்று மணல் கலந்த மேல்மண். குழாயின் கடைவாய் தெருவில் தேங்கும் நீரின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் சாக்கடை எதிர்த்துத் திடலுக்குள் ஏறும். மதிப்பீட்டில் கண்ணுக்குத் தெரியாத வேலை இதுதான் என்பதால், பணம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவதும் இதுவே.

மேலே வளர்க்க வேண்டிய புல்லைத் தேடி எங்கும் போக வேண்டாம். உலகெங்கும் வெப்பநாட்டு ஆடுகளங்களில் விரிக்கப்படும் பெர்முடா புல், நம் ஊர் அருகம்புல்லேதான். வங்காளிகள் அதைத் துர்பா என்று பூஜைக்கு எடுப்பார்கள். 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதிப் போட்டி நடந்த சால்ட் லேக் அரங்கில் விரித்ததும் பெர்முடா வகையே. அந்த அரங்கின் அனுபவம் கவனிக்கத்தக்கது: 2011இல் அங்கே செயற்கைப் புல் பதித்தார்கள், உலகக் கோப்பைக்கு முன் அதை எடுத்துவிட்டு இயற்கைப் புல்லுக்கே திரும்பினார்கள்.

செயற்கைப் புல்லுக்கு ஆதரவாகவும் ஒரு வாதம் இருக்கிறது. இயற்கைப் புல் மிதிபட்டால் ஓய்வு கேட்கும். செயற்கைப் புல்லில் காலை முதல் இரவுவரை அணி அணியாக ஆடலாம். இடம் குறைந்த ஊரில் இது சிறிய லாபம் இல்லை. ஆனால் வெயில் நாளில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். வெறுங்கால் பிள்ளைகளும் முதியவர்களும் பகலில் அதில் கால் வைக்க முடியாது. சுமார் 10 ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும். உள்ளே தூவும் ரப்பர் துகள்கள் நுண்நெகிழியாக மண்ணிலும் நீரிலும் சேர்வதால், ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அவற்றின் விற்பனைக்கு 8 ஆண்டு அவகாசத்துடன் தடை விதித்தது. பயிற்சிக்கென்று ஒரு மூலையில் 40க்கு 20 மீட்டர் அளவில் சிறு களம் அமைக்கலாம். முழுத் திடலையும் பிளாஸ்டிக்கால் மூடுவது தவறு.

விளக்குகள் விஷயத்திலும் அளவு வேண்டும். தெற்குக் கொல்கத்தாவின் ரவீந்திர சரோவர் ஏரியும் அதைச் சுற்றிய பசுமைப் பரப்பும் சேர்ந்து 192 ஏக்கர். அதை ஒட்டி ஒரு கால்பந்து அரங்கம். 2016இல் இந்தியன் சூப்பர் லீக் ஆட்டங்கள் அங்கே வந்தபோது, இரவு விளக்கும் சத்தமும் பறவைகளைப் பாதிக்கும் என்று வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. நிபந்தனைகளோடுதான் அனுமதி கிடைத்தது. பாடாத் திடலில் பறவைகளோடு, படிக்கும் பிள்ளையும் தூங்கும் நோயாளியும் சேர்த்தி. தாழ்ந்த கம்பம், கீழ்நோக்கிய விளக்கு, அணைக்கும் நேரம் எல்லாம் முன்கூட்டியே முடிவாக வேண்டும்.

கழிப்பறை இல்லாத திடல் பாதிப் பேருக்கு மூடப்பட்ட திடல். வங்காளத்துப் பெண் ஆட்டக்காரரான சாந்தி மல்லிக் 1983இல் அர்ஜுனா விருது பெற்றார். இன்று கன்யாஸ்ரீ கோப்பைக்குப் பெண்கள் அணிகள் மோதுகின்றன. அந்த அணிகளுக்கு வீராங்கனைகள் பாடாத் திடலிலிருந்துதான் வர வேண்டும். உடை மாற்ற ஓர் அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் இல்லாத இடத்துக்கு எந்த வீட்டார் மகளை அனுப்புவார்கள்? வாரத்தில் சில மாலைகளைப் பெண்களுக்கென்று எழுதிவைக்காவிட்டால், பலத்த குரல் உள்ள பையன்களே திடலை எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, கட்டணமும் சாவியும். புதுப்பித்த திடலுக்குப் பூட்டு வருவதும், பூட்டின் பின்னால் மணிக்கணக்கில் வாடகை வருவதும் எல்லா ஊரிலும் நடக்கிறது. சென்னை மாநகராட்சி 2024 அக்டோபர் இறுதியில் தன் 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்க அனுமதிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. வியாசர்பாடி போன்ற பகுதிகளில் கால்பந்தே பிள்ளைகளின் உயிர்நாடி. எதிர்ப்பு கிளம்பியதும் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி ஆகியவற்றைக் காக்க 1959லேயே தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் கேட்பதற்கு ஆள் இருந்தபோதுதான் சென்னைத் திடல்கள் தப்பின. கொல்கத்தாவில் பாடாச் சங்கம் சாவியை வைத்திருப்பது வாடகைக்காரர் வைத்திருப்பதைவிட மேல். அந்தச் சங்கமும் நேர அட்டவணையை வாசலில் எழுதிப்போட்டு, கணக்கை ஆண்டுக்கொருமுறை தெருவாரிடம் வைக்க வேண்டும்.

உங்கள் வார்டில் திடலைச் சீரமைக்கப் போவதாக அறிவிப்பு வந்தால், வடிகாலுக்கு எவ்வளவு, ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு, சாவி யாரிடம் என்று கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். திறப்பு விழாவுக்கு முன்பே கேளுங்கள்.