வளையல் சொல்லும் சேதி



எங்கள் லயத்தில் ஓர் அக்காள் இருக்கிறார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, புண் ஆறி, மீண்டும் வேலைக்குப் போனவர். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தீபாவளியன்று, வலது கையில் ஏறிய வளையல் அவருக்கு இடது கையில் ஏறவில்லை. “சதை போட்டுவிட்டது போலிருக்கு, டீச்சர்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றே நான் அவரை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

சில மாதங்கள் கழிந்தன. உதிரிப் பழம் பொறுக்கும்போது அந்தக் கையில் செம்பனை முள் குத்திவிட்டது. அன்றிரவே குளிர் காய்ச்சல். விடிவதற்குள் கை சிவந்து நெருப்பாய்க் கொதித்தது. உறவுக்காரப் பாட்டி தைலம் தேய்த்து உருவிவிட்டார். வலி கூடியதுதான் மிச்சம். மருத்துவமனையில் படுத்திருந்தபோதுதான் அக்காள் உண்மையைச் சொன்னார். “கை வீங்கினால் நோய் திரும்பிவிட்டது என்று நினைத்தேன், டீச்சர். பயத்தில் மூடி மறைத்துவிட்டேன்.”

கை ஏன் வீங்குகிறது?

அக்குளில் நெறி கட்டியிருக்கிறது என்போமே, அந்த முடிச்சுகள் வழியாகத்தான் கையின் நிணநீர் வடிகிறது. நோய் பரவியதா என்று பார்க்கவும், பரவியதை அகற்றவும் டாக்டர்கள் அவற்றை எடுக்கிறார்கள். வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் தேங்குவதுபோல் நீர் கையில் தேங்குகிறது. இதுதான் நிணநீர் வீக்கம். அக்குள் முடிச்சுகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டவர்களில் ஏறக்குறைய 100க்கு 20 பேருக்கும், முதல் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்தவர்களில் 100க்கு 5, 6 பேருக்கும் இது வருகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சையும் உடற்பருமனும் வாய்ப்பைக் கூட்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் அதிகம் வரும். பல ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

வீக்கம் என்றாலே நோய் திரும்பிவிட்டது என்று பொருளல்ல. ஆனாலும் காரணம் என்ன என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்?

மாதம் ஒருமுறை தையல் நாடாவால் இரண்டு கைகளையும் ஒரே இடங்களில் அளந்து எழுதி வையுங்கள். 2 சென்டிமீட்டர் கூடியிருந்தாலோ, கை கனத்தாலோ, மோதிரமோ ரவிக்கைக் கையோ இறுக்கினாலோ தாமதிக்காதீர்கள். தொடக்கத்திலேயே பிசியோதெரபி பிரிவுக்குப் போனால் பயிற்சியாலும், அளவெடுத்து மாட்டும் இறுக்கமான கை உறையாலும் வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். நாள்பட்டால் தோல் தடித்துவிடும்.

வேலையில் கையுறை போடுங்கள். முள்ளோ கத்தியோ பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, மருந்திட்டுக் கட்டுங்கள். தோல் வெடிக்காமல் களிம்பு பூசுங்கள். ஊசிக்கும் இரத்த அழுத்தம் பார்ப்பதற்கும் மறு கையை நீட்டுவது வழக்கம். அவசரத்தில் இந்தக் கையில் போட்டுவிட்டால் கலங்க வேண்டாம். கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தைலம், சுடுஒத்தடம், உருவுதல் எதுவும் கூடாது.

“இனி அந்தக் கையால் எதையும் தூக்காதே” என்பார்கள். அது பழைய பேச்சு. 2009இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களில் ஒரு பகுதியினர் சிறிது சிறிதாக எடை தூக்கப் பழகினார்கள். அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, கை பலப்பட்டது. ஆனால் ஒரே நாளில் பழைய சுமையைத் தூக்கிவிடாதீர்கள். பயிற்சியாளரிடம் கேட்டுப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. புண் ஆறியதும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். “கை எப்படி இருக்கிறது?” என்று நீங்களே கேளுங்கள். கேட்டால்தான் அவர்கள் சொல்வார்கள்.

அக்காள் இப்போது கை உறையுடன் வேலைக்குப் போகிறார். தீபாவளிக்கு நான்தான் அவருக்கு வளையல் போட்டுப் பார்க்கிறேன். இப்போது சிரித்துவிட்டுப் போவதில்லை.