தலையில் தோல், காலில் தோல்

1806-இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை ஒன்று வந்தது. துரைமார் தொப்பியின் சாயலில் இருந்த அதன் முகப்பில் தோலால் செய்த ஒரு சிறு குஞ்சம். பட்டாளம் மிடுக்காகத் தெரிய வேண்டும் என்று நினைத்த மதராஸ் தளபதி கிரடாக்குக்கு அது வெறும் அலங்காரம். போட்டுக்கொள்ள வேண்டியவர்களுக்கோ அது பசுத்தோலா, பன்றித்தோலா என்ற சந்தேகம். இந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே மறுத்தார்கள். அவர்களில் இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி தண்டனை. ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. ஐரோப்பியப் படையினர் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்த பிறகு நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மடிந்தார்கள்.

நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் விதித்த தடை, கோட்டைக்குள்ளேயே காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள் என்று அந்தப் புரட்சிக்குக் காரணங்கள் பல. குஞ்சத்தின் தலையில் மட்டும் பழியைப் போட முடியாது. ஆனாலும் ஒன்று கவனியுங்கள்: அதே சிப்பாய்கள் மார்புக்குக் குறுக்கே தோல் வார் மாட்டிக்கொண்டுதான் அணிவகுத்தார்கள். அதனால் கலகம் வந்ததில்லை. தோல் தலைக்கு ஏறியபோதுதான் வினை.

இன்று அந்தக் கோட்டையைச் சுற்றித்தான் நாட்டின் பெரிய தோல் வட்டாரம் இருக்கிறது. கிழக்கே ராணிப்பேட்டை, மேற்கே பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. இங்கே டேனரி என்னும் பதனிடும் ஆலைக்குள் உப்புத் தடவி வந்து இறங்கும் பச்சைத் தோல், எருமையுடையதோ ஆட்டுடையதோ, அடிப்படையில் ஒரே பொருள்தான்: கொலாஜன் என்ற புரதம். மூன்று புரிக் கயிறு போல முறுக்கிய இழைகள், அவை சேர்ந்த நார்கள், நார்களின் பின்னல். ஈரமாக விட்டால் அழுகும். அப்படியே காய வைத்தால் நீர் வெளியேறிய இடைவெளியில் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பலகையாக விறைக்கும்.

பதனிடுவது என்பது இந்த ஒட்டுதலைத் தடுப்பது. ஊற வைத்து, சுண்ணாம்பில் போட்டு மயிரைக் கழற்றி, உள்பக்கத்துச் சவ்வை வழித்து எடுத்த பின், நார்களுக்கு நடுவே வேறொன்றைப் புகுத்தி நிறுத்த வேண்டும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அதைச் செய்தன. பட்டைச் சாற்றில் தோல் வாரக்கணக்கில் கிடந்து சிவந்து மெதுவாகப் பதமாகும். கொங்கு நாட்டில் போகியன்று காப்புக் கட்ட வீட்டுக் கூரையில் செருகுவதும் இதே ஆவாரைதான். பூ கூரைக்கு, பட்டை தோல் ஊறும் குழிக்கு. இப்படிப் பதமான தோல் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போயிற்று. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு.

பிறகு குரோமியம் வந்தது. நியூயார்க்கில் ஷுல்ட்ஸ் என்பவர் 1884-இல் காப்புரிமை பெற்ற முறை அது. பெரிய மர டிரம்மில் குரோமிய உப்போடு சுழற்றினால் ஒரு நாளில் வேலை முடிந்து, தோல் இளநீலமாக வெளியே வரும். ‘வெட் ப்ளூ’ என்பார்கள். பதம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: சிறு துண்டு நறுக்கி, காகிதத்தில் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்வார்கள். துண்டைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுத்து மறுபடி காகிதத்தில் வைப்பார்கள். கோட்டோடு பொருந்தினால் சரி. உள்ளே சுருங்கியிருந்தால் டிரம் இன்னும் சுற்ற வேண்டும். பச்சைத் தோல் 65 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுருங்கிவிடும், பட்டைத் தோல் 80 வரை தாங்கும், குரோமியத் தோல் கொதிநீருக்கே அசையாது.

இந்த வேதியியலில்தான் ஒரு கிளை பிரிகிறது. பதனிட்ட தோலை மேளத்தில் கட்டினால் சத்தம் எழும்பாது. நார்கள் வழுக்கிக்கொண்டு அதிர்வை விழுங்கிவிடும். ஒட்டி விறைத்த பச்சைத் தோல்தான் கணீரென்று ஒலிக்கும். அது ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும் என்பதால் பறையை நெருப்பில் காட்டி அடிக்கிறோம். மிருதங்கத்திலும் ஆடு, மாடு, எருமைத் தோல்களே. இழுத்துக் கட்டும் வார் எருமையுடையது. ஒலி விதியில் பறையும் மிருதங்கமும் சகோதரர்கள். ஒன்று சாவுக்கு என்று ஒதுக்கப்பட்டது, மற்றது பூஜையறை வரை போனது. மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றிக் கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலின் வெளியீட்டு விழாவுக்குத் தன் அரங்கில் கொடுத்த அனுமதியை 2020-இல் சென்னைக் கலை நிறுவனமான கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. இதற்கிடையில் பறையும் சும்மா இருக்கவில்லை. இன்று அது அரங்கேறுகிறது, கல்லூரிப் பெண்கள் தோளில் மாட்டி அடிக்கிறார்கள். தோல் மாறவில்லை, அடிக்கும் கையும் அடிக்கும் இடமும் மாறின.

பதனிட்டு மெத்தென்றான மற்றக் கிளை செருப்பாகிறது. நம் ஊரில் இதைவிடச் சிக்கலான பொருள் இருக்குமா என்று தெரியவில்லை. வாசலில் கழற்ற வேண்டும், ஓங்கினால் மானக்கேடு. ஆனால் பரதன் அதை அரியணையில் வைத்தான். காளத்தியில் சிவனின் கண்மேல் செருப்புக் காலை ஊன்றிய கண்ணப்பரை நாயன்மாராகக் கும்பிடுகிறோம். திருப்பதி மலையடிவாரத்தில் அலிபிரியில் பெருமாளின் உலோகப் பாதுகைகளைத் தலையில் தாங்கிப் பக்தர்கள் வலம் வருகிறார்கள். கடவுள் காலுடையது என்றால் தலைக்கு ஏறலாம். மனிதன் காலில் என்றால் யார் கால் என்று கேட்டார்கள்: தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமங்களில் தலித்துகள் ஊர்த்தெருவுக்குள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்க முடிந்தது. தைத்துக் கொடுத்தவருக்கே போட்டு நடக்க உரிமையில்லை.

தோலைத் தீட்டு என்று மற்றவர்கள் ஒதுங்கிய இடத்தில்தான் வாணியம்பாடி, ஆம்பூர் முஸ்லிம் வணிகர்கள் தொழில் நடத்தினார்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். 1919-இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரி தோல் வணிகர்களின் கொடையில் வளர்ந்தது. 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தவே, முதலாளிகள் ஷூ தைக்கும் பக்கம் திரும்பினார்கள். இப்போது தினமும் காலையில் கிராமங்களிலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி பஸ்கள் பெண்களை ஏற்றி வருகின்றன. மெஷினில் ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் அவர்களே. ‘டேனரி வேலை’ என்று சொல்லும்போது குரல் தாழ்கிறவர்கள்கூட ‘ஷூ கம்பெனி வேலை’ என்று நிமிர்ந்து சொல்வார்கள். இரண்டு இடத்திலும் புழங்குவது ஒரே தோல்தான். நாற்றமும் கழிவுநீரும் டேனரிப் பக்கமாகவே நின்றுவிட்டதும் குரல் மாறுவதற்கு ஒரு காரணம். அந்தக் கழிவுநீரால் பாலாறு கெட்டதற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் இந்தியச் சட்டத்தின் பகுதி என்றே அறிவித்தது.

இப்போது வெளிநாட்டு பிராண்டுகள் தோலே இல்லாத விளையாட்டு ஷூக்களைக் கேட்கின்றன. ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்துக்கு அப்படிப்பட்ட ஆலை வருகிறது. தோல் போனால் தீட்டும் போகும் என்று யாராவது எதிர்பார்த்தால் ரப்பர் செருப்பைப் பார்க்கட்டும். அதில் மாடும் இல்லை, ஆடும் இல்லை. அதையும் வாசலில்தான் கழற்றுகிறோம். ஊர்த்தெருவில் அதைப் போட்டு நடந்ததற்கும் அடி விழுந்திருக்கிறது.