கால்நடை மருத்துவமனையின் காத்திருப்புக் கூடமும் விற்பனையும்

செல்லப் பிராணிகளுக்கான மருத்துவமனை தொடங்கக் கடன் கோரும் மருத்துவர்கள், தீவனம், கழுத்துப்பட்டை, ஷாம்பூ முதலியவற்றின் விற்பனையையும் திட்ட அறிக்கையில் சேர்ப்பதுண்டு. இது வரவேற்கத்தக்கதே. எனினும், காத்திருப்புக் கூடம் முதலில் நோயுற்ற பிராணிக்கானது. விற்பனை அதற்கு அடுத்தது. இவ்வரிசை மாறினால் இரண்டுமே கெடும்.

நாய்களுக்கும் பூனைகளுக்கும் இடையே தடுப்பு வேண்டும். பூனைக் கூண்டைத் தரையில் வைக்காமல் உயரமான பலகையில் வைத்தால் பூனை அச்சம் தணியும். தரை வழுக்காததாகவும் கிருமிநாசினியால் கழுவத் தக்கதாகவும் இருத்தல் அவசியம். பார்வோ வைரஸ் சுற்றுப்புறத்தில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். ஆகவே, வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ள குட்டிகளுக்குத் தனி அறை ஒதுக்க வேண்டும்.

விற்பனை அடுக்கினை, மருத்துவர் அறையிலிருந்து பணம் செலுத்துமிடம் செல்லும் வழியில் அமைக்கலாம். சிகிச்சை முடிந்து கவலை தணிந்த பின்னரே உரிமையாளரின் கவனம் பொருட்களின்பால் திரும்பும். ஆண் நாய்கள் காலைத் தூக்கும் உயரத்திற்கு மேலேயே கீழ்த்தட்டு இருக்கட்டும். எடை பார்க்கும் கருவியை அடுக்கின் அருகே வைப்பது நன்று. எடை கூடியிருப்பின் தீவனம் பற்றிய பேச்சு இயல்பாகவே எழும். மருத்துவர் பரிந்துரைத்ததை வெளியிலும் வாங்கலாம் என்று சொல்லிவிடுவது நம்பிக்கையை வளர்க்கும்.

மருந்துகளைக் கடையாக வைத்து விற்க 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் உரிமம் தேவை. கால்நடை மருத்துவமனையின் சிகிச்சைச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பொருள் விற்பனைக்கு அவ்விலக்கு பொருந்தாது. எனவே, இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்து, பதிவு குறித்துத் தணிக்கையாளரிடம் கேட்டறிக.

கடனிலும் இப்பிரிவினை வேண்டும். தடுப்பு, இருக்கை, அடுக்கு ஆகியவை பல ஆண்டுகள் பயன்படுபவை; அவற்றிற்குத் தவணைக் கடன் ஏற்றது. சரக்கிற்கு ரொக்கக் கடன் வசதியே பொருத்தம். எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி. தகுதியுடையோர் முத்ரா திட்டத்தின் தருண் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை பிணையமின்றிப் பெறலாம்.

தொடக்கத்தில் சில வகைப் பொருட்களே போதும். தீவனத்திற்குக் காலாவதி நாள் உண்டு. முதலில் வந்த சரக்கு முதலில் விற்கப்பட வேண்டும். மூன்று மாத விற்பனையைக் கணக்கிட்ட பின்னர், விலைபோகும் பொருட்களுக்கு மட்டும் கூடுதல் கடன் கோருமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.