கவலையும் சிந்தனையும்

கவலை என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. மனத்துயரைக் குறிப்பது எல்லாரும் அறிந்த பொருள். ஒரு வழி இரண்டாகவும் மூன்றாகவும் கிளைத்துப் பிரியும் இடத்தையும் பண்டைச் சான்றோர் கவலை என்றே வழங்கினர். மின்பொறிகள் ஊர்தோறும் வாராத காலத்தில், எருதுகளைப் பூட்டிக் கிணற்று நீரை இறைத்த ஏற்றத்திற்கும் கவலை என்பதே பெயர். துயரும், வழி தெரியாது திகைத்து நிற்றலும், நீர் இறைக்கும் முயற்சியும் ஒரே சொல்லில் அடங்கியிருத்தல் எண்ணி மகிழத்தக்கது. இம்மூன்றையும் மனத்திற் கொண்டு ஒரு வினாவை ஆராய்வோம்.

தனித்திருப்பதை விரும்புவோரும், எதனையும் துருவித் துருவி ஆராய்வோரும், பிறரைக் காட்டிலும் எளிதில் மனச்சோர்வு நோய்க்கு ஆளாவரோ? இதுவே அவ்வினா.

இஃது எனக்கு வெறும் ஏட்டு வினா அன்று. நான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் என் வகுப்பில் இரு மாணவர் இருந்தனர். ஒருவன் வாய் திறவான். இடைவேளையிலும் மரத்தடியில் நூலும் கையுமாக அமர்ந்திருப்பான். மற்றொருவன் சிரிப்பும் பாட்டுமாக வகுப்பையே கலகலப்பாக்குவான். முன்னவனுக்கு மனத்தில் ஏதோ குறை உண்டு என்று நானே முடிவு செய்தேன், அவனைப் பன்முறை அழைத்து, "ஏனப்பா இப்படி இருக்கிறாய்?" என்று வருத்தினேன். பின்னவனைப் பற்றி நான் ஒருநாளும் எண்ணியதில்லை. திடீரென அவன் பள்ளிக்கு வாராதொழிந்தான். பல திங்களாக அவன் இரவில் உறங்கவில்லை என்பதும், விரும்பிய உணவையும் வெறுத்தான் என்பதும் அவன் தந்தையார் வந்து கூறிய பின்னரே எனக்குத் தெரிந்தன. நல்ல வேளையாக, மருத்துவம் பெற்று மறு ஆண்டில் அவன் மீண்டு வந்தான். அமைதியை நோயென்றும், ஆரவாரத்தை நலமென்றும் கொண்ட என் பிழை அன்று எனக்குப் புலனாயிற்று.

இனி, மனச்சோர்வு நோய் யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். தேர்வில் தோற்றால் வருந்துகிறோம். உற்றாரை இழந்தால் அழுகிறோம். இவை மனித இயல்பு. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையையும் ஒன்றாக வைத்தார். அதற்கு இழிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களையும் கூறினார். காரணம் பற்றி வந்த துயர் காலம் செல்லச் செல்லத் தணியும். மனச்சோர்வு நோயோ அத்தகையதன்று. பெரும்பாலான நேரமும் உள்ளம் கவிந்து கிடத்தல், முன்பு இன்பந்தந்தவற்றில் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் மாறுபடுதல், அயர்ச்சி, கருத்தூன்ற இயலாமை, தன்னைப் பயனற்றவனாகக் கருதுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றுட் பல, நாள்தோறும் இரு வாரங்களுக்குக் குறையாமல் தொடருமாயின் மருத்துவர் அதனை நோயென ஐயுறுவர். காய்ச்சலைப்போல இதுவும் ஒரு நோயே. ஒழுக்கக் கேடும் அன்று, கோழைத்தனமும் அன்று.

அடுத்து, மனிதரின் இயல்பு வேறுபாட்டை நோக்குவோம். சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவரான கார்ல் யுங் என்பவர் 1921-இல் வெளியிட்ட நூலில் மாந்தரை அகமுகப் பண்பினர், புறமுகப் பண்பினர் என இருவகையாகப் பிரித்தார். முன்னவர் தம் உள்ளத்தின்பாலும் எண்ணங்களின்பாலும் திரும்பியவர். பின்னவர் வெளியுலகின்பாலும் பிற மக்களின்பாலும் திரும்பியவர். இவ்விரண்டும் இயல்பின் வகைகளே, நோய்கள் அல்ல.

இவ்விரு பண்பினர்க்கும் பதினெட்டாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரில் வாழ்ந்த இருவரை எடுத்துக்காட்டலாம். ஒருவர் என்றி கேவண்டிசு என்னும் அறிவியலறிஞர். நீர்வளி எனப்படும் ஐதரசனின் இயல்பை 1766-இல் உலகிற்கு உரைத்தவர்; நிலவுலகின் அடர்த்தியை அளந்து 1798-இல் வெளியிட்டவர். அவர் கூச்சம் மிக்கவர். தம் இல்லத்துப் பணிப்பெண்ணிடம் பேசவும் நாணி, வேண்டிய உணவைச் சீட்டில் எழுதி வைப்பார் என்பர். ஆயினும் தனிமை அவர் உழைப்பைத் தளர்த்தவில்லை. 78 ஆண்டுகள் வாழ்ந்து, இறுதிவரை ஆராய்ந்துகொண்டேயிருந்தார். அவரும் மக்களை அறவே துறந்தவரல்லர்; அறிஞர் கூடி உண்ணும் விருந்திற்குத் தவறாது சென்று வந்தார்.

மற்றொருவர் சாமுவேல் சான்சன். 1755-இல் ஆங்கில மொழிக்குப் பேரகராதி தந்த புலவர். அவரைப்போல் உரையாடலில் இன்பங்கண்டவர் அரியர். 1764-இல் நண்பர்களுடன் ஒரு கழகமே கண்டார். இரவு நெடுநேரமாயினும் நண்பர் பிரிந்து செல்ல மனம் ஒவ்வார். எனினும், ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தை விட்டு 1729-இல் வீடு திரும்பிய இளமையில் ஒரு முறையும், ஐம்பது அகவைக்கு மேல் புகழின் உச்சியில் இருந்தபோது மற்றொரு முறையும், கொடிய மனச்சோர்வு அவரைப் பற்றி வாட்டியது. கலகலப்பான பேச்சு அந்நோய்க்குக் கவசமாகவில்லை.

இருவர் வாழ்க்கையைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் ஆகாது. ஆகவே அறிஞர் பலரை அளந்து பார்க்க முற்பட்டனர். இங்கிலாந்தில் வாழ்ந்த உளவியலறிஞர் ஐசங்கு என்பார் 1947-இல் ஒரு நுட்பத்தை வற்புறுத்தினார். அகமுகமா புறமுகமா என்பது ஓர் அளவு. உள்ளம் எளிதிற் கலங்குவதா, நிலைத்து நிற்பதா என்பது வேறோர் அளவு. நெட்டளவும் குறுக்களவும் போல இவை தனித்தனியானவை. அமைதியானவருள்ளும் கலங்காதவர் உளர். ஆரவாரமானவருள்ளும் கலங்குபவர் உளர்.

அமெரிக்க நாட்டு அறிஞர் கோட்டோவும் அவர்தம் துணைவரும் 175 ஆய்வுகளை ஒருங்கு திரட்டி நோக்கி 2010-இல் தம் முடிவை வெளியிட்டனர். மனச்சோர்வுற்றோரிடம் மிகுதியாகக் காணப்பட்டது எளிதிற் கலங்கும் இயல்பே. அகமுகப் பண்பிற்கும் மனச்சோர்விற்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. ஆனால் அது முன்னதைவிடச் சிறியது. அதனையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். சோர்வுற்றவர் தாமே மக்களை விட்டு விலகுவர். அக்காலத்தில் அவரை அளந்தால் அகமுகத்தார் போலவே தோன்றுவர். புகை நெருப்பால் வந்தது. புகையே நெருப்பை மூட்டியது என்று கூறலாமோ?

இனி, துருவி ஆராயும் பழக்கத்தைப் பற்றிக் காண்போம். கனடா நாட்டு அறிஞர் டிராப்நெல், கேம்பெல் ஆகிய இருவரும், தன்னைப் பற்றித் தானே எண்ணுவதில் இரு வகை உண்டு என 1999-இல் காட்டினர். அச்சத்தாலும் இழப்பாலும் உந்தப்பெற்று எண்ணுதல் ஒன்று. அறியும் ஆவலால் எண்ணுதல் மற்றொன்று. முன்னது எளிதிற் கலங்கும் இயல்போடு இணைந்து நிற்பது. பின்னது புதுமையை நாடும் இயல்போடு இணைந்து நிற்பது. புறத்தே பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். சன்னலருகே கன்னத்தில் கையூன்றி அமர்ந்திருப்பவன் கணக்கிற்கு விடை காண்கிறானா, கடந்த அவமானத்தில் உழல்கிறானா என்பதை எவர் அறிவார்?

உழலும் நினைவின் தீமையை மெய்ப்பிக்க, எதிர்பாராத நிகழ்ச்சி ஒன்று வாய்த்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இசுடான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் சூசன் நோலன்-ஓக்செமா என்னும் பேராசிரியை, மாணவர்களின் மனநிலையையும், துயர் வந்தால் அவர்கள் எவ்வாறு எண்ணுவர் என்பதையும் வினாக்களால் அளந்து குறித்து வைத்தார். 14 நாட்கள் கழிந்தன. 1989 அக்டோபர் 17-ஆம் நாள் மாலை அப்பகுதியில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. 63 பேர் மாண்டனர். அம்மாணவருள் 137 பேரைப் பேராசிரியையும் அவர் துணைவரும் பத்து நாட்களுக்குப் பின்னரும் ஏழு வாரங்களுக்குப் பின்னரும் மீண்டும் அளந்தனர். நிலம் எல்லார்க்கும் ஒன்றாகவே நடுங்கியது. உள்ளங்களோ ஒன்றாக இல்லை. துயரை எண்ணி அதிலேயே உழலும் பழக்கம் முன்னமே உடையவரிடம் சோர்வு மிக்கிருந்தது. முன்பு எவர் எவ்வளவு சோர்ந்திருந்தார் என்பதைக் கழித்துப் பார்த்தபோதும் முடிவு அவ்வாறே நின்றது. இம்முடிவு 1991-இல் வெளியாயிற்று.

ஆகவே, நம் வினாவிற்கு விடை இதுவாம்: உள்ளத்தை வாட்டுவது அமைதி அன்று, சிந்தனையும் அன்று, ஓரிடத்திலேயே சுழலும் நினைவே. கூரிய அறிவுடையவர் இச்சுழலில் விழுந்தால், தம் துயருக்குப் புதிய புதிய காரணங்களைத் தேடிக்கொள்ள அவ்வறிவே கருவியாகிவிடக்கூடும். அதனாலேயே அவர்க்கு விழிப்பு மிக வேண்டும். எள் இடாத செக்கை எருது நாள் முழுதும் சுற்றினாலும் எண்ணெய் வாராது. கவலை இறைக்கும் எருதோ, சென்ற வழியே மீண்டும் மீண்டும் சென்று வரினும், ஒவ்வொரு நடைக்கும் ஒரு சால் நீர் மேலேறும், பயிர் தழைக்கும். எண்ணமும் அவ்வாறு நீர் கொணர்தல் வேண்டும்.

அதற்கு வழி யாது? "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்னும் வினாவிற்கு முடிவே இல்லை. "இஃது எவ்வாறு நிகழ்ந்தது? நாளைக் காலையில் நான் செய்யத்தக்கது எது?" என்னும் வினாக்களுக்கு விடை உண்டு. இங்கிலாந்தில் எக்சிட்டர் பல்கலைக்கழகத்து அறிஞர் எட்வர்டு வாட்கின்சு, முன்னவ்வகை எண்ணத்திலிருந்து பின்னவ்வகை எண்ணத்திற்கு மனத்தைத் திருப்பப் பயிற்றுவித்தலை ஒரு மருத்துவ முறையாகவே வளர்த்துள்ளார். எண்ணுதல் செயலில் சென்று முடிதல் வேண்டும் என்பதைத் திருவள்ளுவரும் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வலியுறுத்தினார். இரவில் எண்ணம் சுழலுமாயின் அதனை ஒரு தாளில் எழுதுக. எழுந்து சிறிது நடக்க. நம்பத்தக்க ஒருவரிடம் கூறுக. தனிமையை விரும்புதல் வேறு, துணையின்றித் தவித்தல் வேறு. நண்பர் பலர் வேண்டுவதில்லை; மனந்திறந்து பேச ஒருவர் இருவர் போதும்.

ஆயினும் நோய் முற்றியபின், "எண்ணாதே" என்று அறிவுரை கூறுவதால் மட்டும் அது நீங்கிவிடாது. அறிகுறிகள் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறி மருத்துவரை நாடுதல் கடமை. வாழ விருப்பமில்லை என்னும் எண்ணம் தோன்றினாலோ ஒரு நாளும் தாழ்க்கலாகாது. இந்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானசு என்னும் மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் தொலைபேசி வழியே பேசலாம்.

மாணவர்களே! உங்கள் வகுப்பிலும் மரத்தடியில் நூலோடு அமர்ந்திருப்பவன் ஒருவன் இருப்பான். அவனை எள்ளாதீர்; அவன் நலமாகவே இருக்கலாம். உங்களைச் சிரிக்க வைப்பவனும் ஒருவன் இருப்பான். அவன் சிரிப்பு நின்ற நாளையும் கவனியுங்கள். இருவரிடமும் அருகிற் சென்று, "நலமா?" என்று ஒரு சொல் கேளுங்கள், விடை வரும்வரை காத்திருங்கள். வழி பிரியும் கவலையில் தனியே திகைத்து நிற்பவர்க்கு, உடன் வந்து நிற்கும் ஒருவரினும் சிறந்த துணை வேறில்லை.