தொடாமலே தடுமாற்றும் பொறி

காற்று உலர்ந்திருக்கும் நாளில் நைலான் சட்டையைக் கழற்றினால் 'படபட' என்று ஓசை கேட்கும். நிலைமின்சாரம் பொறியாகப் பாயும் ஓசை அது. நமக்கு இது வேடிக்கை; தொழிற்சாலை இயந்திரங்களை ஆட்டுவிக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சில்லுக்கோ பெருந்தொல்லை.

மாணவர்களே, கொஞ்சம் கணக்குப் போடுவோம். மனித உடலை 100 பைக்கோபாரட் மின்தேக்கியாகவும் 1500 ஓம் மின்தடையாகவும் கொள்வது பொறியாளர் வழக்கம். பொறி விரலில் சுருக்கென்று உறைக்க ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். அப்போது சேர்ந்துள்ள ஆற்றல் 0.45 மில்லிஜூல்தான். ஆனால் ஓம் விதிப்படி தொடக்க மின்னோட்டம் 2 ஆம்பியர்! அது சில நானோசெகண்டில் உச்சத்தை எட்டி, ஒரு மைக்ரோசெகண்டுக்குள் ஓய்ந்துவிடுகிறது.

1831-இல் பாரடே கண்டறிந்ததை நினைத்துப் பாருங்கள். காந்தப்புலம் மாறினால் அருகிலுள்ள சுற்றில் மின்னழுத்தம் தூண்டப்படும். மாற்றம் எவ்வளவு விரைவோ, மின்னழுத்தமும் அவ்வளவு மிகுதி. ஆகவே பொறி சில்லைத் தொடவேண்டியதே இல்லை. இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் பாய்ந்தாலும் சில்லுக்குச் செல்லும் கம்பிகளில் போலித் துடிப்பு எழும். 3.3 வோல்ட்டில் இயங்கும் சில்லு அதைக் கட்டளை என்று நம்பி ஏமாந்துவிடும்.

பிளாஸ்டிக் பை தயாரிக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உருளையிலிருந்து தாள் பிரியும்போதெல்லாம் மின்னூட்டம் சேருகிறது. திடீரென்று இயந்திரம் நிற்கும். அல்லது வெட்டும் கத்தி வேளை தவறி இறங்கும். அங்கே ஒருவரின் விரல் இருந்தால்? பழி சில்லின்மேல் விழும், மின்சுற்றுப் பலகையை மாற்றுவார்கள். புதுப்பலகையும் மறுவாரம் அதே கூத்தைத் தொடங்கும்.

சில்லு எப்படி மீள்கிறது என்பதே முதல் துப்பு. தானே முதலிலிருந்து தொடங்கினால், ரீசெட் முனையிலோ மின்வழங்கியிலோ துடிப்பு புகுந்திருக்கக்கூடும். சில்லு சூடேறி, மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் மட்டும் சரியாகிறதா? அதனுள்ளே மின்வழங்கியிலிருந்து தரைமுனைக்கு ஒரு குறுக்குவழி திறந்து, மூடாமல் நின்றிருக்கலாம். எதற்கும் மசியாவிட்டால், சில நானோமீட்டரே தடிப்புள்ள ஆக்சைடு படலம் துளைபட்டிருக்கக்கூடும்.

அடுத்து, கத்தியைக் கழற்றிவைத்துவிட்டு, பொறி பாய்ச்சும் துப்பாக்கி போன்ற கருவியால் சட்டத்தின் ஒவ்வோர் இடமாகச் சோதிப்பார்கள். குறைந்த மின்னழுத்தத்திலிருந்து தொடங்குவார்கள். எங்கே பாய்ச்சும்போது சில்லு எளிதில் தடுமாறுகிறதோ, அங்குள்ள கம்பிகள்மீது சந்தேகம் விழும்.

உருளைகளைப் புவியுடன் இணைக்கலாம். தாளை அப்படி இணைத்துப் பயனில்லை. அது மின்கடத்தாப் பொருளாயிற்றே! அதன்மேல் நேர், எதிர் அயனிகளைத் தூவி மின்னூட்டத்தைச் சமன்செய்கிறார்கள். ரீசெட் முனைக்கு மிக அருகே வைத்த 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி போலித் துடிப்பை விழுங்கிவிடும். சில்லுக்குள் காவல் கடிகாரம் ஒன்றும் உண்டு. நிரல் திகைத்து நின்றுவிட்டால் அது சில்லை மறுபடி தொடங்கச் செய்யும். ஆனால் விரலைக் காக்க இது போதாது. பாதுகாப்பு மூடி திறந்தவுடன் கத்தி மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, சில்லை நம்பாமல், தனிக் கம்பியில் நேரே இணைக்கவேண்டும்.