தேடலுக்கு இடும் வேலி

ஹந்தானை மலைத்தொடரின் அடிவாரத்திலே பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1942ஆம் ஆண்டிற் கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இவ்விடத்திற்குப் பெயர்ந்தது. அங்குள்ள நூலகத்தில் ஒரு நூலை நாடிச் செல்பவர் அலுமாரி அலுமாரியாகத் துழாவுவதில்லை. நூற்பட்டியலைப் பார்க்கிறார், அது இடத்தைச் சொல்லிவிடுகிறது.

கணினியும் இம்முறையையே கையாளுகிறது. கோப்புகளிலுள்ள சொற்களை முன்கூட்டியே படித்து, எச்சொல் எக்கோப்பில் உள்ளது என்று ஒரு சொல்லடைவை ஆக்கி வைத்துக்கொள்கிறது. நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் அவ்வடைவைப் பார்த்தே விடை தருகிறது. ஆனால், எல்லாவற்றையும் அடைவிற் சேர்ப்பது நன்மையாகுமா?

ஹந்தானையில் 1925இற் கட்டப்பெற்ற தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்கு குறிப்பெடுத்து ஆய்வேடு எழுதும் மாணவி ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் இயலையும் திருத்துமுன் பழைய பிரதியைத் தனிக் கோப்புறையிற் சேமிப்பது அவர் வழக்கம். ‘கொழுந்து’ என்று தேடினால், ஒரே இயலின் இருபது பிரதிகள் வந்து நிற்கின்றன. அவசரத்திற் பழைய பிரதியைத் திறந்து திருத்திவிட்டால், ஒரு நாளுழைப்பு வீணாகும். பழைய பிரதிகள் உள்ள கோப்புறையை அடைவிலிருந்து நீக்கிவிட்டால் இத்தொல்லை இல்லை. ஓயாது மாறும் தற்காலிகக் கோப்புகளை நீக்கினால், அவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்கும் வேலையும் கணினிக்குக் குறையும்.

நீக்கும் வழி எளியது. விண்டோஸ் கணினியில் ‘இண்டெக்சிங் ஒப்ஷன்ஸ்’ என்னும் பகுதியைத் திறந்து, ‘மொடிஃபை’ என்பதை அழுத்தி, வேண்டாத கோப்புறையின் எதிரேயுள்ள அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். ஆப்பிள் கணினியில் 2005இல் அறிமுகமான ‘ஸ்பொட்லைட்’ தேடலின் அமைப்புகளில், தேட வேண்டாதவற்றுக்கென ஒரு பட்டியல் உண்டு; அதிற் கோப்புறையைச் சேர்த்தாற் போதும்.

இங்கு இரண்டு செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, அடைவிலிருந்து நீக்குதல் பூட்டுப் போடுதலன்று. அந்தரங்கக் கடிதங்கள் தேடலில் வாராமற் போகலாம். ஆயினும் அதே கணக்கிற் கணினியைப் பயன்படுத்தும் எவரும் கோப்புறையைத் திறந்து அவற்றைப் படிக்கலாம். இரகசியம் காக்க வேண்டுவோர் கடவுச்சொல்லுடன் தனிக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்; கோப்புகளை மறையாக்கம் செய்தல் இன்னும் நன்று.

இரண்டாவது, நீக்கியதை நாமே மறந்துவிடக் கூடாது. அடைவில் இல்லாத கோப்புறையை விண்டோஸ் தேடும்போது, நாம் வேறுவகையாகப் பணித்தாலன்றிக் கோப்பின் பெயரை மட்டுமே பார்க்கும், உள்ளடக்கத்தைப் பார்க்காது. அதுவும் மெதுவாகவே நடைபெறும். ஆகவே, ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று கணினி சொல்லும்போது, ‘பொருள் இல்லை’ என்று முடிவு கட்டலாகாது. தேடிய இடத்தில் இல்லை என்பதே அதன் பொருள். மாணவி பழைய பிரதிகளை நீக்கலாம். ஆனால் வேறெங்கும் இல்லாத தம் கைக்குறிப்புகளையும் சேர்த்து நீக்கிவிட்டால், தாமே தேடிச் சேர்த்த செய்தியைத் தாமே இழந்தவராவார். நீக்கிய கோப்புறைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைப்பது நல்ல காப்பு.

மலைச்சரிவிலே கொழுந்து பறிப்பவர் இரண்டு இலையையும் ஓர் அரும்பையும் கிள்ளிக் கூடையிற் போடுகிறார். முற்றிய இலையை விட்டுவிடுகிறார். விடப்பட்ட இலை அழிவதில்லை. செடியிலேயே நின்று அதனை வளர்க்கிறது. அடைவுக்கு வெளியே நிற்கும் கோப்பும் அத்தகையதே. கூடையில் இல்லையென்பதாற் செடியிலும் இல்லையென்று எண்ணாதிருந்தாற் போதும்.