கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே

வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். பதில் வரவில்லை. அவரே மறுபடி வாயைத் திறக்கிறார். கேள்வியை வேறு மாதிரி கேட்கிறார், அல்லது வேறொரு பிள்ளையை எழுப்புகிறார், அல்லது பதிலைத் தானே சொல்லிவிடுகிறார். நடுவில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்? ஐந்து நொடியாவது இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் அதை அளந்தே பார்த்தார். தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை நூற்றுக்கணக்கில் எடுத்துவைத்துக்கொண்டு, பேச்சுக்கு நடுவே விழும் இடைவெளிகளைக் கணக்கிட்டார். சராசரி ஒரு நொடி. பல வகுப்புகளில் அதுகூட இல்லை. பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் இதே கதைதான். அது அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு வாங்குவதற்குள் ஆசிரியரின் "சரி, அடுத்து" வந்து விழுந்துவிடும்.

இந்த இரண்டு இடைவெளிகளையும் மூன்று நொடிக்கு நீட்டும்படி ரோ ஆசிரியர்களைப் பழக்கினார். பாடம், புத்தகம், பிள்ளைகள் எதுவும் மாறவில்லை. 1974இல் அவர் வெளியிட்ட முடிவுகளை இன்று படித்தாலும் கொஞ்சம் நம்பமுடியாமல்தான் இருக்கிறது. ஒற்றைச் சொல்லில் வந்துகொண்டிருந்த பதில்கள் பல மடங்கு நீண்டன. "தெரியாது" என்பதும் பதிலே சொல்லாமல் நிற்பதும் குறைந்தன. பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் பிடித்துக்கொண்டு பேசினார்கள். மக்கு என்று ஒதுக்கப்பட்டவர்கள் வாய் திறந்தார்கள். ஆசிரியர் அதட்ட வேண்டிய தருணங்களும் குறைந்தன.

இரண்டே நொடி கூடுதல். அதைக் கொடுப்பது ஏன் இவ்வளவு கடினம்? பதில் நம் பேச்சுப் பழக்கத்தில் இருக்கிறது. நெதர்லாந்தின் மேக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவன ஆய்வாளர்கள் ஜப்பானியம், கொரியன், டேனிஷ், லாவோ உட்பட 10 மொழிகளில் அன்றாடப் பேச்சை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி, மொழிக்கு மொழி சிறிது வேறுபட்டாலும், சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதற்கே நொடியில் பாதிக்கு மேல் ஆகும். அப்படியென்றால், எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலை உள்ளுக்குள் தயார் செய்துவிடுகிறோம். (தமிழ் அந்தப் பத்தில் இல்லை. நம் டீக்கடைப் பேச்சை அளந்திருந்தால் இடைவெளியே கிடைத்திருக்காது என்பது என் சந்தேகம்.)

இந்த வேகத்துக்குப் பழகிய காதுக்கு ஒரு நொடி மௌனமே நீளம். "நாளைக்கு வர்றியா?" என்று போனில் கேட்டு மறுமுனை ஒரு நொடி பேசாமல் இருந்தால், வரமாட்டான் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அதே காதோடுதான் ஆசிரியரும் வகுப்பில் நிற்கிறார். மௌனம் அவருக்கு "தெரியவில்லை" என்று கேட்கிறது. உண்மையில் அந்தப் பிள்ளை கேள்வியைப் புரிந்து, நினைவைத் துழாவி, வாக்கியம் கட்டி, தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களோ என்ற பயத்தையும் தாண்டி வர வேண்டும். அதற்கு ஒரு நொடி எப்படிப் போதும்?

ரோவின் கணக்கில் என்னை உறுத்துவது வேறொன்று. நன்றாகப் படிப்பவர்கள் என்று ஆசிரியர் கருதிய ஐந்து பேருக்குக் கிட்டத்தட்ட இரண்டு நொடி கிடைத்தது. கடைசி ஐந்து பேருக்கு ஒரு நொடிகூட இல்லை. யாருக்கு நேரம் தேவையோ அவர்களுக்கே குறைவு. இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை; இவன் சொல்வான் என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில் காத்திருப்பு தானாக நீள்கிறது, இல்லாத இடத்தில் சுருங்குகிறது. ஆனால் வருடம் முழுக்க அது நடந்தால் கடைசி பெஞ்சுக்குப் புரியும் பாடம் ஒன்றுதான்: நம்மிடம் யாரும் பதிலை எதிர்பார்க்கவில்லை.

புதிதாகப் பணிக்கு வரும் ஆசிரியருக்கு இதெல்லாம் ஆடம்பரமாகத் தோன்றலாம். வகுப்பை அடக்குவதுதானே அவருக்கு முதல் கவலை! ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளருக்கும் அதில்தான் ஆர்வம் பிறந்தது. அவருடைய வகுப்பில் ஒரு மாணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கூனின் அவரைக் கண்டிக்க, சம்பந்தமே இல்லாத மற்றவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்படியானால் எப்படிக் கண்டித்தால் வகுப்பு அடங்கும் என்று பள்ளி வகுப்புகளை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்தார். 1970இல் புத்தகமாக வந்த முடிவு அவர் தேடியது அல்ல. ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதற்கும் வகுப்பு ஒழுங்காக நடப்பதற்கும் தொடர்பே தெரியவில்லை. குழப்பம் எழுவதற்கு முன்னால் என்ன செய்கிறார் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது: முதுகிலும் கண் இருப்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்துவது, பாடத்தை நடுவில் அறுக்காமல் கொண்டுபோவது, அடுத்து யார் முறை என்று தெரியாமல் எல்லோரையும் விழிப்பாக வைத்திருப்பது.

கடைசியாகச் சொன்னது ரோவின் மூன்று நொடியோடு அழகாகப் பொருந்துகிறது. "செல்வி, நிழலில் போட்ட துணி எப்படிக் காய்கிறது?" என்று கேட்டால், பெயரைக் கேட்ட உடனே மற்ற 39 பேரும் தப்பித்தோம் என்று சாய்ந்துகொள்வார்கள். கேள்வியை முதலில் கேட்டுவிட்டு, மூன்று நொடி பொறுத்துப் பெயரைச் சொன்னால், அந்த மூன்று நொடியும் 40 தலைகளுக்குள் துணி காய்ந்துகொண்டிருக்கும். வந்த பதிலை உடனே உரக்கத் திருப்பிச் சொல்லும் பழக்கத்தையும் விட வேண்டும். டீச்சர்தான் மறுபடி சொல்வாரே என்று தெரிந்தால் சக மாணவன் பேச்சை யார் கேட்பார்கள்? பதிலுக்குப் பதில் "வெரி குட்" சொல்வதும் அப்படித்தான். பாராட்டு மழை பொழியும் வகுப்புகளில் பிள்ளைகள் பேசும்போதே ஆசிரியர் முகத்தை அடிக்கடி பார்த்துக்கொள்வதை ரோ கவனித்திருக்கிறார்.

எல்லாக் கேள்விக்கும் இது வேண்டாம். ஏழெட்டு எவ்வளவு என்பதற்கு மூன்று நொடி காத்திருந்தால் வகுப்பு தூங்கிவிடும். ஏன், எப்படி என்று தொடங்கும் கேள்விகளுக்குக் காத்திருங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டு "புரிஞ்சுது சார்" என்று கோரஸ் வாங்குவது கேள்விக் கணக்கிலேயே சேராது.

காத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வது எளிது. பழகிய ஆசிரியர்கூடத் தன்னை அறியாமல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடலாம். ஆகவே தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, ஒரு பாடவேளையைப் போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டில் தனியாகக் கேட்டு, முதல் பெஞ்சுக்கு எத்தனை நொடி, கடைசி பெஞ்சுக்கு எத்தனை நொடி என்று எழுதிக்கொண்டு பதிவை அழித்துவிடுங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்தால் போதும்.